யாழ்ப்பாணத்திலிருந்து மனிதவளத் தலைமை அதிகாரிக்கு உதவியாளராக: புதிதாகச் சேருவோருக்கு

பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் கொம்பனியின் மனிதவளத் தலைமை அதிகாரிக்கு (ஒபிஸ் வழக்கில் சி.எச்.ஆர்.ஓ.) நிறைவேற்று உதவியாளராக இருப்பது இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு அறைக்குள்ளிருந்தே செய்யக்கூடிய வேலை. வெளியே இருந்து பார்த்தால் நிதித் தலைவரின் உதவியாளர் செய்வதும் இதுவும் ஒன்றுதான்: கலண்டர், மின்னஞ்சல், பயணம், செலவுக் கணக்கு. ஆனால் மனிதவளத் தலைவரின் கலண்டர் வாய் திறக்காமலே கதை சொல்லும். அவர் தொழிற்சட்ட வழக்கறிஞரையும் நிதித் தலைவரையும் ஒரே வாரத்தில் மூன்று தடவை சந்திக்கிறார் என்று தெரிந்தாலே, ஆட்குறைப்பு வருகிறது என்று பாதிக் கொம்பனி கணக்குப் போட்டுவிடும். ஆகவே இந்த வேலையில் கெட்டித்தனத்தை விட முக்கியம், உங்கள் கையால் போகும் ஒவ்வொன்றிலும் மற்றவர் எதை வாசித்தெடுப்பார் என்று முதலே யோசிப்பது. கீழே வருவதெல்லாம் அநேகமாக அதைச் சுற்றித்தான்.

சேருமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, நீங்கள் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? கொம்பனிக்கு இலங்கையில் பதிவு செய்த கிளை இருந்து அதன் ஊழியராகச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் கொம்பனியின் பங்காக 12 வீதமும் போகும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கொம்பனி 3 வீதம் கட்டும். வெளிநாட்டுக் கொம்பனியுடன் நேரடி ஒப்பந்தம் என்றால் இவை ஒன்றும் இல்லை, வருமான வரியையும் நீங்களே பார்க்கவேண்டும். சம்பளத் தொகையை ஒப்பிடும்போது இந்த 15 வீதத்தையும் கூட்டிப் பாருங்கள். டொலர்க் கணக்கைக் கண்டு மயங்கி இதை மறப்பவர்கள் அதிகம்.

இரண்டாவது, அதிகாரி இருக்கும் ஊர். லண்டன் என்றால் உங்கள் வேலைநாள் பின்னேரம் தொடங்கி இரவு பத்து, பத்தரைக்கு முடியும். நியூயோர்க் அல்லது ரொறன்ரோ என்றால் முழு இரவு வேலை. சிங்கப்பூர் என்றால் காலை ஆறரைக்கு மேசையில் இருக்கவேண்டும். குடும்பத்தோடு இதைக் கதைத்து முடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீட்டில் நியூயோர்க் நேரம் எளிதல்ல.

மூன்றாவது, மடிக்கணினியைக் கொம்பனி தருமா? சொந்தக் கணினியில் வேலை செய்யச் சொன்னால் யோசிக்கவும். மனிதவளத் தகவல் சொந்தக் கணினியில் தங்கியிருப்பது கொம்பனிக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

வீட்டில் என்ன வேண்டும்

மடிக்கணினிக்குச் சொந்த மின்கலம் உண்டு. மின்சாரம் நின்றால் முதலில் சாவது ரவுட்டர்தான். ஆகவே பெரிய யு.பி.எஸ். வாங்குவதற்கு முன் ரவுட்டருக்கென்று ஒரு சிறிய டி.சி. யு.பி.எஸ். வாங்குங்கள். ரவுட்டரின் அடப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கும் (பெரும்பாலும் 12 வோல்ட்). அதற்குப் பொருந்துவதைத்தான் எடுக்கவேண்டும். ஃபைபர் இணைப்பில் சுவரில் பூட்டிய பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இணைப்பு ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மாற்று வழியாகக் கைத்தொலைபேசி டேட்டா வேண்டும், அது வேறொரு கொம்பனியின் சிம்மாக இருக்கட்டும். ஒரே கொம்பனியின் இரண்டு இணைப்பும் ஒன்றாக விழும் சாத்தியம் உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையும் இடியும். திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் பிளக் பலகை இல்லாமல் எதையும் சுவரில் செருகவேண்டாம்.

சத்தம் இன்னொரு பிரச்சினை. நம் வீடுகளில் யன்னல் திறந்தே இருக்கும். நீங்கள் கதைப்பது ஒழுங்கைக்குக் கேட்கும். ஒலிவாங்கி வாயருகே வரும் ஹெட்செட் கட்டாயம். அது வெளிச் சத்தத்தைக் குறைக்கும், நீங்களும் மெதுவாகக் கதைக்கலாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடியில் வீடு உள்ளவர்கள் மாலைப் பூசை நேரத்துக்கு வேறு அறையோ உறவினர் வீடோ ஒழுங்கு செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் லண்டனின் மதியம் சரியாக அந்த நேரத்தில்தான் விழுகிறது. திரை சுவரைப் பார்த்து இருக்கவேண்டும், வாசலைப் பார்த்தல்ல. எழும்பும்போதெல்லாம் திரையைப் பூட்டுங்கள்; விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் ஒன்றாக அழுத்தினால் போதும். தேத்தண்ணி கொண்டு வரும் அம்மாவுக்கும் அந்தத் திரையில் உள்ளது தெரியக்கூடாது.

முதல் இரண்டு வாரம்

அதிகாரியிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டியவை:

1. கேட்காமலே நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம் என்ற கூட்டங்கள் எவை.
2. எந்த நேரமானாலும் அவரை எழுப்பலாம் என்று உள்ளவர்கள் யார். வழக்கமாகப் பிரதம நிறைவேற்று அதிகாரி, பணிப்பாளர் சபையில் சம்பளக் குழுத் தலைவர், தலைமைச் சட்ட அதிகாரி, அவருடைய குடும்பம்.
3. அவருக்கு நேரே அறிக்கை செய்பவர்கள் யார், யாரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்.
4. தொடாத நேரம் எது: பிள்ளையைக் கூட்டிவரும் நேரம், உடற்பயிற்சி, வெள்ளி பின்னேரம்.
5. அவசரம் என்றால் எந்த வழியில் சொல்வது: ரீம்ஸ் செய்தியா, குறுஞ்செய்தியா, அழைப்பா.

இவ்விடத்தில் நம் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கும். "ஓம் சேர்", "சரி மெடம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பது இங்கே மரியாதை. அங்கே அது நீங்கள் விளங்கிக்கொண்டீர்கள், செய்து முடிப்பீர்கள் என்ற வாக்கு. விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால், கூட்டம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் "நான் விளங்கிக்கொண்டது இதுதான்: வியாழனுக்குள் மூவரின் நேரம் எடுக்கவேண்டும், சட்ட அதிகாரி கட்டாயம், மற்ற இருவரில் ஒருவர் போதும். சரிதானே?" என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலான கொம்பனிகளில் தலைவரையும் முதற்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். கூச்சம் ஒரு மாதத்தில் போய்விடும்.

கலண்டர்

நேரத்தில் பாதி இங்கேதான் போகும். அவுட்லுக்கில் (மைக்ரோசொவ்ற்றின் மின்னஞ்சல், கலண்டர் மென்பொருள்) அதிகாரி உங்களைப் பிரதிநிதியாகச் சேர்க்கும்போது, தனிப்பட்ட பதிவுகளையும் பார்க்க அனுமதிக்கும் பெட்டி ஒன்று தனியாக உண்டு. அதை அடையாளமிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வைத்தியரிடம் போகும் நேரத்தின் மேல் நீங்கள் கூட்டம் வைப்பீர்கள். அதே நேரம், பிரைவேட் என்ற அடையாளத்தைப் பாதுகாப்பு என்று நம்பவேண்டாம். அது விவரத்தை மறைக்கும் ஒரு திரை மட்டும். கலண்டரை வாசிக்கும் உரிமை முழுதாகக் கிடைத்த ஒருவர் வேறு மென்பொருளால் உள்ளே பார்க்கலாம் என்று மைக்ரோசொவ்ற்றே எச்சரிக்கிறது. ஆகவே முதல் வாரத்திலேயே அந்தக் கலண்டரை யார் யார் எந்த அளவில் பார்க்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். பழைய உதவியாளர், மூன்று வருடத்துக்கு முன் வேறு பிரிவுக்குப் போனவர், ஏதோ ஒரு திட்டத்துக்காகச் சேர்த்தவர் என்று பலர் அங்கே கிடப்பார்கள். அதிகாரியிடம் சொல்லி ஒவ்வொருவராக நீக்குங்கள். மற்றவர்களுக்கு நேரம் ஒழிந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

கூட்டத்தின் தலைப்பு. "வட பிராந்திய மறுசீரமைப்பு" என்றோ, ஒருவரின் பெயரைப் போட்டு "வெளியேற்றம்" என்றோ எழுதவே கூடாது. உணர்வுபூர்வமான வேலைக்கு அதிகாரியிடம் ஒரு மறைபெயர் கேளுங்கள், அதற்கும் விடயத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. ஆனால் தலைப்பை மறைத்துவிட்டு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை வெளியே விட்டால் மறைத்ததில் பயனில்லை. அந்த ஐந்து பேர் ஒன்றாகக் கூடினால் விடயம் என்னவென்று எவரும் சொல்வார்கள். வலைவழி அவுட்லுக்கில் அழைக்கப்பட்டவர் பட்டியலை மறைக்கும் தெரிவும், அழைப்பை வேறொருவருக்கு முன்னனுப்ப விடாத தெரிவும் உண்டு. இரண்டையும் பயன்படுத்துங்கள். ஆவணங்களை அழைப்போடு இணைக்கவேண்டாம். அழைப்பு கைமாறினால் ஆவணமும் போகும். அணுகல் கட்டுப்படுத்திய கோப்புறையில் போட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள்.

கூட்ட அறையை ஒதுக்கும்போது அந்த அறைக்கும் ஒரு கலண்டர் உண்டு என்பதை மறப்பார்கள். பல ஒபிஸ்களில் கதவடியில் உள்ள சிறு திரை, கூட்டத்தை ஒழுங்கு செய்தவரின் பெயரைக் காட்டும். மனிதவளத் தலைவரின் பெயர் ஒரு சிறிய கிளையின் அறைக் கதவில் இரண்டு மணித்தியாலம் மின்னினால் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அதுதான் கதை. அப்படியான சந்திப்புகளுக்கு வெளியே ஒரு ஹோட்டல் அறை நல்லது.

ஒலிப்பதிவு, எழுத்துப்பதிவு, குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி: மூன்றையும் கூட்டத்தின் அமைப்பிலேயே முடக்கிவையுங்கள். யாராவது தன் கருவியைக் கூட்டத்துக்குள் அனுப்பிவிட்டால் அது ஒரு பங்கேற்பாளர்போலப் பெயரோடு வந்து நிற்கும். காத்திருப்பு அறையை இயக்கிவைத்து, தெரியாத பெயரை உள்ளே விடாதீர்கள்.

இனி நேர ஒதுக்கீடு. 60 நிமிடக் கூட்டத்தை 50 ஆகவும் 30ஐ 25 ஆகவும் வையுங்கள். மனிதவளத் தலைவருக்கு ஒரு கூட்டத்தில் ஒருவர் அழுதுவிட்டுப் போயிருப்பார், அடுத்ததில் வரவுசெலவுக் கணக்கு பேசவேண்டியிருக்கும். இடைவெளி சொகுசல்ல. ஊழியர் ஒருவருடன் கடினமான சந்திப்பு என்றால் பிறகு 30 நிமிடம் வெறுமையாக விடுங்கள், குறிப்பு எழுதவும் அந்த நேரம்தான். வாரத்தில் குறைந்தது இரண்டு 90 நிமிடத் துண்டுகளை வாசிக்கவும் யோசிக்கவும் பூட்டிவையுங்கள். அதை உடைக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள், எல்லோரும் "இந்த ஒரு முறை மட்டும்" என்றுதான் சொல்வார்கள்.

நேர வலயம்

இலங்கை ஒருபோதும் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. உங்களோடு வேலை செய்யும் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் வருடத்தில் இரண்டு தடவை மாற்றும், அதுவும் வேறுவேறு நாளில். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னே போய் ஒக்ரோபர் கடைசி ஞாயிறு திரும்பும். அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே போய் நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் ஒக்ரோபர் முடிவில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே வழமையான 5 மணித்தியாலம் 4 ஆகிவிடும். வருடத்தின் மிக மோசமான கலண்டர்ப் பிழைகள் இந்த நாட்களில்தான் நடக்கும்.

லண்டனில் காலை 9 மணி, குளிர்காலத்தில் நமக்குப் பின்னேரம் 2.30, கோடையில் 1.30. நியூயோர்க்கில் காலை 9 மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, கோடையில் 6.30. சிங்கப்பூர் நம்மை விட எப்போதும் இரண்டரை மணித்தியாலம் முன்னே. சிங்கப்பூர், லண்டன், நியூயோர்க் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் நியாயமான நேரம் ஒன்றே ஒன்றுதான்: லண்டன் மதியம் 1 மணி, நியூயோர்க் காலை 8 மணி. அப்போது சிங்கப்பூருக்கு இரவு 8 அல்லது 9. யாருக்கோ கஷ்டம் வரத்தான் செய்யும். அது எப்போதும் ஆசியாவின் தலையிலேயே விழாதபடி மாதம் மாறி மாறி வைக்க அதிகாரியிடம் சொல்லிப்பாருங்கள்.

திரும்பத் திரும்ப வரும் கூட்டம் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கணினி இலங்கை நேரத்தில் இருக்கும். நீங்கள் பின்னேரம் 2.30 என்று ஜனவரியில் போடுவீர்கள். லண்டனுக்கு 9 மணி. மார்ச் முடிந்ததும் அதே கூட்டம் லண்டனில் 10 மணிக்கு விழும், ஏனென்றால் அது இலங்கை நேரத்தில் ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தை உருவாக்கும்போதே நேர வலயத்தைத் திறந்து லண்டன் என்று தெரிவுசெய்து 9 மணி என்று போட்டால் பிரச்சினை வராது. நீங்கள்தான் மாறவேண்டும், அதிகாரியின் காலை மாறக்கூடாது. அவுட்லுக் கலண்டரின் ஓரத்தில் மூன்று நேர வலயம் வரை காட்டலாம், அதைப் போட்டுவையுங்கள்.

திகதியும் அப்படித்தான். 04/05 என்றால் லண்டனில் மே 4, நியூயோர்க்கில் ஏப்ரல் 5. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள், கிழமையையும் சேர்த்து. சவூதியில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு இராச்சியம் 2022இல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. நமது போயா விடுமுறை மாதந்தோறும் வரும், வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு அது தெரியாது. வருடத் தொடக்கத்திலேயே உங்கள் கலண்டரில் பூட்டிவிடுங்கள்.

காலைக் குறிப்பு

அதிகாரி எழும்பும் நேரத்தில் நீங்கள் ஏற்கனவே சில மணித்தியாலம் விழித்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பதன் உண்மையான அனுகூலம் இதுதான். லண்டன் காலை 7 மணிக்கு அவர் கைத்தொலைபேசியைப் பார்க்கும்போது ஒரே திரையில் வாசிக்கக்கூடிய குறிப்பு அங்கே இருக்கவேண்டும். இப்படி:

இன்று முடிவு வேண்டியவை: 1) ஜேர்மனி ஊழியர் சபைக்குப் பதில் இன்று மாலை 5 மணிக்குள், வரைவு உங்கள் கோப்புறையில். 2) வியாழன் பயணம், காலை விமானமா மாலையா.
கவனிக்க: 11 மணிக் கூட்டத்துக்குச் சட்ட அதிகாரி வரமாட்டார், துணை அதிகாரி வருகிறார். அவருக்குப் பின்னணி தெரியாது.
இரவு வந்தது: சிங்கப்பூர் மனிதவள மேலாளர் பதவி விலகல் கடிதம் அனுப்பியுள்ளார். வேறு எவருக்கும் இன்னும் தெரியாது.
தள்ளி வைத்தது: விற்பனையாளர் சந்திப்பு மூன்று, அடுத்த மாதத்துக்கு.

இவ்வளவுதான். அன்றைய கூட்டப் பட்டியலை அப்படியே பிரதியெடுத்து அனுப்புவது குறிப்பல்ல. அவருக்குக் கலண்டர் பார்க்கத் தெரியும். கலண்டரில் இல்லாததைத்தான் அவர் உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறார்.

மின்னஞ்சல்

அவரது பெட்டியை நான்காகப் பிரியுங்கள்: அவர் மட்டும் செய்யவேண்டியது, நீங்கள் வரைவு எழுதி அவர் அனுப்புவது, வேறொருவருக்குக் கைமாற்றுவது, வாசித்தால் போதுமானது. நாளுக்கு மூன்று தடவை பாருங்கள். ஊழியர் முறைப்பாடு, தொந்தரவுக் குற்றச்சாட்டு, உடல்நலம் பற்றிய கடிதம் வந்தால் நீங்கள் பதில் வரையவேண்டாம், கைமாற்றவும் வேண்டாம். வாசிக்காததாக அடையாளமிட்டு அதிகாரிக்கு நேரே சொல்லுங்கள். "உங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம்" என்று நல்லெண்ணத்தில் நீங்கள் அனுப்பும் ஒரு வரிகூட, கொம்பனிக்கு எப்போது விடயம் தெரிந்தது என்பதற்குப் பிறகு சான்றாக வரும்.

முகவரிப் பெட்டியில் இரண்டு எழுத்துத் தட்டியதும் அவுட்லுக் பெயரை நிரப்பித்தரும். ஒரே பெயரில் பெரிய கொம்பனியில் நாலைந்து பேர் இருப்பார்கள். சம்பளம், ஒழுக்காற்று, பதவியுயர்வு சம்பந்தமான கடிதத்தில் பெறுநரைக் கடைசியில்தான் போடுங்கள், போட்டதும் அவரது பதவியையும் நாட்டையும் திறந்து பாருங்கள். அனுப்புவதை ஒன்றிரண்டு நிமிடம் தாமதிக்கும் விதியையும் வைத்துக்கொள்ளலாம்.

கோப்புகளும் ஆட்களும்

எக்ஸலில்தான் அதிக இரகசியம் கசிகிறது. மறைத்த நிரல்களைத் திறப்பது சின்னப் பிள்ளை வேலை. அதை விட மோசம் பிவொட் அட்டவணை (பெரிய தரவைச் சுருக்கித் தொகையாகக் காட்டுவது): நீங்கள் மொத்தத் தொகை மட்டும் உள்ள தாளை வெட்டி அனுப்பியதாக நினைப்பீர்கள், அதற்குள்ளே அடிப்படைத் தரவு முழுதும், ஒவ்வொருவரின் சம்பளத்தோடும், சேமித்துக் கிடக்கும். தொகையில் இரண்டு தடவை சொடுக்கினால் பெயர் பெயராக விரியும். தொகுப்பை மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் மதிப்புகளாக ஒட்டிப் புதிய கோப்பில் சேமியுங்கள், அல்லது பி.டி.எஃப். ஆக்குங்கள். வேர்ட் கோப்பில் திருத்தத் தடங்களையும் ஓரக் குறிப்புகளையும் நீக்குங்கள். கடவுச்சொல் போட்ட கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் கடவுச்சொல்லை வேறு வழியில் அனுப்பவேண்டும். பொதுச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் பெயரோ சம்பளமோ உள்ள எதையும் ஒட்டவேண்டாம். கொம்பனி அனுமதித்த கருவி எது என்று கேளுங்கள்.

எழுதும் எதையும் சம்பந்தப்பட்டவரே ஒருநாள் வாசிப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, ஊழியர் தன்னைப் பற்றிக் கொம்பனி வைத்திருக்கும் தரவைக் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். நீங்கள் ரீம்ஸில் சகாவுக்கு அடித்த "அந்தச் சிடுமூஞ்சி ஆள் திரும்ப எழுதியிருக்கிறார்" என்பதும் அதற்குள் வரலாம். கோப்பைத் தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டால் மறைக்காதீர்கள்: ஆபத்து உள்ள கசிவைக் கொம்பனி அறிந்து 72 மணித்தியாலத்துக்குள் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் அதே விதி. நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த 72க்குப் பகை. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

ஆட்கள் பக்கம் யாழ்ப்பாணத்தில் தனிச் சிக்கல். உங்கள் சித்தப்பாவின் மகன் ஸ்காபரோவில் அதே கொம்பனியின் கிளையில் இருப்பார். கலியாண வீட்டில் ஒருவர் வந்து கேட்பார்: "தங்கச்சி, உங்கட கொம்பனியில ஆள் குறைக்கினமாம், உண்மையே?" இல்லாத நேரத்தில் "அப்பிடி ஒண்டுமில்லை அண்ணை" என்றும், இருக்கும் நேரத்தில் "எனக்குச் சொல்லேலாது" என்றும் பதில் சொன்னால் இரண்டாவது பதிலே விடையாகிவிடும். ஆகவே ஒன்றும் நடக்காத காலத்திலேயே தொடங்கி எப்போதும் ஒரே பதில்: "வேலை விசயம் நான் வீட்டில கதைக்கிறேல்லை அண்ணை." திமிர் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். நெருங்கிய உறவினர் கொம்பனியில் இருந்தால் அதை அதிகாரிக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்குறைப்புக் காலம்

இது வந்தே தீரும். சட்டத்தின் ஒழுங்கு தெரிந்தால் கலண்டரில் பிழை விடமாட்டீர்கள். பிரித்தானியாவில் ஒரே நிறுவனத்தில் 90 நாளுக்குள் 20 முதல் 99 பேர் வரை நீக்கத் திட்டமிட்டால் முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னரும், 100 அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள் முன்னரும் கலந்தாலோசனை தொடங்கவேண்டும். அமெரிக்காவில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள், பெரிய அளவிலான நீக்கத்துக்கு 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். ஜேர்மனியில் ஊழியர் சபை (ஊழியர்கள் தெரிவுசெய்யும் பிரதிநிதிகள் குழு) இருந்தால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் முன் அதன் கருத்தைக் கேட்கவேண்டும். கேட்காத நீக்கம் செல்லாது.

உதவியாளருக்கு இதில் என்ன? கலந்தாலோசனை தொடங்குமுன் நீங்கள் "இறுதி முடிவு" என்று தலைப்பிட்ட ஒரு அழைப்பை அனுப்பினால், முடிவை முன்பே எடுத்துவிட்டுப் பேருக்குத்தான் ஆலோசித்தார்கள் என்று எதிர்த்தரப்பு காட்ட அது போதும். "உத்தேசத் திட்டம்" என்று சட்டப் பிரிவு சொன்னால் அந்தச் சொல்லையே எல்லா இடமும் போடுங்கள்.

அறிவிப்பு நாளுக்கு நிமிடக் கணக்கில் ஓட்டப் பட்டியல் எழுதுங்கள்: மேலாளர்களுக்கு எப்போது, பாதிக்கப்படுவோருக்குத் தனித்தனி அழைப்பு எப்போது, எல்லோருக்குமான கடிதம் எப்போது, கணினி அணுகல் யாருக்கு எப்போது நிற்கும். பாதிக்கப்படுவோரின் அழைப்பு ஒருவருக்கு ஒன்றாகப் போகவேண்டும். குழு அழைப்பு கூடாது, முதல் நாளே அனுப்பவும் கூடாது. இரவு முழுக்கத் தூக்கமில்லாமல் இருப்பார்கள். பெயர்ப் பட்டியலை இரண்டு பேர் சத்தமாக வாசித்துச் சரிபார்க்கவேண்டும். அணுகல், சந்திப்புக்கு முன்னே நின்றுவிட்டால் கடவுச்சொல் வேலை செய்யாததைக் கொண்டே ஆள் அறிந்துவிடுவார். அதைப்போல அவமானம் வேறில்லை. நியூயோர்க் காலை 9 மணிக்கு அறிவிப்பு என்றால் சிங்கப்பூருக்கு இரவு 9 அல்லது 10 என்பதையும் மறக்கவேண்டாம். அவர்கள் படுக்கையில் கைத்தொலைபேசியில் வாசிப்பார்கள், கேட்க மேலாளர் விழித்திருக்கமாட்டார். ஆசியக் கிளைகளுக்குத் தனி நேரம் கேட்டுப்பாருங்கள்.

வருடத்தின் ஓட்டம்

ஜனவரி முதல் டிசம்பர் வரை நிதியாண்டு உள்ள கொம்பனியில் பெரும்பாலும் இப்படி ஓடும்: வருட முடிவில் செயற்றிறன் மதிப்பீடு, ஜனவரியில் மேலாளர்கள் மதிப்பெண்களை ஒப்பிட்டுச் சமப்படுத்தும் கூட்டங்கள், பெப்ரவரியில் பணிப்பாளர் சபையின் சம்பளக் குழு, மார்ச்சில் சம்பள உயர்வுக் கடிதமும் போனஸும். ஆண்டின் நடுவில் திறமையாளர், அடுத்த தலைமை பற்றிய மீளாய்வு. அமெரிக்க ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதித் தெரிவுக் காலம் ஒக்ரோபர், நவம்பரில். பிரித்தானியாவில் 250 ஊழியரும் அதற்கு மேலும் உள்ள தனியார் கொம்பனிகள் ஆண், பெண் சம்பள இடைவெளி அறிக்கையை ஏப்ரல் 4க்குள் வெளியிடவேண்டும்.

சபைக் குழுக் கூட்டத்துக்குப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பத்திரங்கள் சபைக்கு ஒரு வாரம் முன் போகவேண்டும் என்றால், சட்டப் பிரிவின் சரிபார்ப்புக்கு அதற்கு முன் மூன்று வேலைநாள், அதிகாரியின் கடைசி வாசிப்புக்கு இரண்டு நாள், பகுதிகளைச் சேர்க்க ஐந்து நாள். ஆகவே பகுதி எழுதுவோருக்கு நீங்கள் சொல்லும் கடைசித் திகதி, கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னர். எப்போதும் ஒருவர் பிந்துவார், அநேகமாகச் சம்பளத் தரவுப் பகுதிக்காரர், ஏனென்றால் நாணய மாற்று வீதம் கடைசியில்தான் வரும்.

பயணமும் செலவும்

விமானச்சீட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். கடவுச்சீட்டு முடியும் திகதிக்கு எட்டு மாதம் முன்பே கலண்டரில் நினைவூட்டல் போடுங்கள், பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் கேட்கும். ஷெங்கன் விசா வேண்டிய கடவுச்சீட்டு என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், ஆகக் கடைசி 15 நாள் முன். விமான நேரத்தைக் கலண்டரில் போடும்போது புறப்படும் ஊரின் நேர வலயம் தொடக்கத்துக்கு, இறங்கும் ஊரினது முடிவுக்கு. பற்றுச்சீட்டை அன்றன்றே படமெடுத்து அனுப்பப் பழக்குங்கள். விருந்துச் செலவை மேசையில் பதவியால் மூத்தவர்தான் கட்டவேண்டும். கீழுள்ளவர் கட்டி மேலுள்ளவர் தானே உண்ட விருந்துக்குத் தானே அனுமதி கொடுத்தால் கணக்காய்வில் கேள்வி வரும்.

லீவு எடுக்கும்போது

பதிலாள் ஒருவர் வந்து உடனே வேலை தொடங்கக்கூடிய மாதிரி ஒரு கைநூலை முதல் மாதத்திலிருந்தே எழுதிவாருங்கள்: தொடாத நேரங்கள், எழுப்பக்கூடியவர்கள், பிடித்த இருக்கை, செலவுக் குறியீடுகள், மாதாந்த வேலைகள். மறைபெயர்களும் நடந்துகொண்டிருக்கும் இரகசிய வேலைகளும் அதற்குள் வரவே கூடாது. அவற்றை எவ்வளவு சொல்வது என்பதை லீவுக்கு முதல் நாள் அதிகாரியே பதிலாளிடம் சொல்லட்டும். பதிலாளுக்குக் கொடுத்த கலண்டர் அணுகலை நீங்கள் திரும்பிய அன்றே எடுத்துவிடுங்கள். லீவு அறிவிப்புத் தானியங்கிப் பதிலில் காரணமோ இடமோ வேண்டாம், திரும்பும் திகதியும் பதிலாளின் பெயரும் போதும். நல்லூர்த் தேருக்கு லீவு வேண்டுமென்றால் திருவிழாத் திகதி தெரிந்த அன்றே கேளுங்கள். ஆடி, ஆவணியில் ஐரோப்பாவிலும் பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள், அதிகாரியும் போவார். அவர் போகும் அதே வாரத்தில் நீங்களும் எடுத்தால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை.